கிரீஸ் டிராப்: மேலே வழித்தால் போதாது

கிரீஸ் டிராப் என்பது, சமையலறைக் கழிவுநீர் சாக்கடைக்குப் போகும் முன் அதிலுள்ள கொழுப்பைப் பிரித்துப் பிடித்துவைக்கும் தொட்டி. மிச்சச் சாப்பாட்டைச் சிங்கில் கொட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம். சமையலறைப் பராமரிப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

மிதப்பதை மட்டும் வழித்தெடுப்பது

மூடியைத் திறந்து, மிதக்கும் கொழுப்பில் ஒரு வாளி வழித்துவிட்டு, பதிவேட்டில் "சுத்தம் செய்தாயிற்று" என்று கையெழுத்துப் போடுகிறார்கள். பிறகு ஒருநாள் தரை வடிகாலில் தண்ணீர் பொங்கும்போது, "வாராவாரம் சுத்தம் பண்றோமே!" என்று கேட்கிறார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

தொட்டிக்குள் மூன்று அடுக்கு உண்டு: மேலே கொழுப்பு, நடுவில் தண்ணீர், அடியில் கசடு. தண்ணீர் வெளியேறும் டீ பைப்பின் (T வடிவக் குழாய்) வாய் கொழுப்புக்குக் கீழே இறங்கி, நடுவில் உள்ள தண்ணீரை எடுக்கிறது. கசடு ஏற ஏற அந்த நடு அடுக்கு மெலியும். அதே அளவு தண்ணீர் குறுகிய இடத்தில் வேகமாக ஓடும். கொழுப்பு பிரிந்து மேலேற நேரம் கிடைக்காமல் நேராகச் சாக்கடைக்குப் போகும். கசடு பைப்பின் வாயை எட்டிவிட்டால் அதுவும் கூடவே போகும். போதாததற்கு, அழுகும் கசடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். அது ஈரச்சுவரில் கந்தக அமிலமாகி கான்கிரீட்டை அரிக்கும். அடைப்பு எடுக்கும் செலவோடு தொட்டியையே மாற்றும் செலவும் சேர்ந்துகொள்ளும்.

அடியில் வால்வு உள்ள ஒளிபுகும் குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்கித் தூக்கினால் மூன்று அடுக்கும் கண்ணுக்குத் தெரியும். கொழுப்பும் கசடும் சேர்ந்து மொத்த ஆழத்தில் 25 சதவீதத்தைத் தொடுவதற்குள் முழுவதையும் இறைத்துவிட வேண்டும். 80 செ.மீ. ஆழத்தில் மேலே 8, அடியில் 12 என்றால் எல்லை வந்துவிட்டது. வழித்தெடுப்பவர் கண்ணுக்கு அந்த 8 மட்டும்தான் படும்.

முழுச் சுத்தம் என்றால்: வரும் தண்ணீரை நிறுத்தி, மூன்று அடுக்கையும் எடுத்து, தடுப்புத் தகடுகளைக் கழற்றிச் சுரண்டி, டீ பைப் உடைந்திருக்கிறதா, கழன்றிருக்கிறதா என்று பார்த்து, தகடுகளைப் பழைய வரிசையிலேயே மாட்டுவது.

காலித் தொட்டியை அப்படியே விடுவது

வெளியேறும் மட்டம்வரை நல்ல தண்ணீர் நிரப்பிய பிறகே சிங்கைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் மட்டம் உயரும்போதே மிதக்கும் கொழுப்பு டீ பைப்பின் அடிவாய்க்குள் புகுந்துகொள்ளும். தொட்டி நிரம்பியதும் முதலில் வெளியே போவது அதுதான்.

கொதிநீரும் டிகிரீசரும் (கொழுப்பைக் கரைக்கும் திரவம்) ஊற்றுவது

உருகிய கொழுப்பு டிராப்பைத் தாண்டி, பொதுச் சாக்கடையில் ஆறி உறைகிறது. உங்கள் அடைப்பு தெருவுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கொழுப்பைச் சிதைக்கும் என்சைம் ஊற்றுவதும் இறைப்பதற்கு மாற்று ஆகாது.

இறைத்த தண்ணீரைத் திரும்பத் தொட்டியில் விடுவது

கழிவை ஏற்றிப்போகும் லாரியில் இடம் மிச்சம் பிடிக்கும் வேலை. விடாதீர்கள்.

கழிவறைக் குழாயை இணைப்பது

கூடவே கூடாது.

புதைத்த தொட்டிக்குள் ஆளை இறக்குவது

வெளியிலிருந்தே பம்ப் வைத்து இறையுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு கூடும்போது மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டதை நம்பி யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள்.

மூடியின் கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை)

கிழிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள்.