செல்போன் தனியுரிமையைக் கண்ணால் பார்ப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கு ஒரு செய்முறை

கடல் கொந்தளிக்கும் என்றால் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும். குளச்சல் மீனவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. செல்போன் பாதுகாப்பும் அப்படிக் கண்ணில் படவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பக்கம் பக்கமாக நீளும் தனியுரிமைக் கொள்கையை எத்தனை பேர் படித்திருப்போம்? 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் அதற்கென ஒரு படம் போனுக்குள்ளேயே இருக்கிறது.

தோவாளைப் பூச்சந்தையில் கடை வைத்திருக்கும் என் சித்தியின் போனில் போன வாரம் இதைச் செய்து பார்த்தோம்.

படி 1: அமைப்புகளுக்குள் 'தனியுரிமை' பகுதியைத் திறந்து, 'தனியுரிமை டாஷ்போர்டு' என்பதைத் தொடுங்கள். பெயர் போனுக்குப் போன் சற்று மாறும். கிடைக்காவிட்டால் அமைப்புகளின் தேடல் கட்டத்தில் தேடுங்கள்.

படி 2: பல போன்களில் கடந்த 24 மணி நேரக் கணக்கு ஒரு வளையமாகத் தெரியும். இருப்பிடம், கேமரா, மைக் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வளையத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். விஷயம் அடுத்த திரையில்தான் இருக்கிறது.

படி 3: 'இருப்பிடம்' என்பதைத் தொடுங்கள். எந்தச் செயலி எத்தனை மணிக்கு உங்கள் இடத்தைப் பார்த்தது என்று நேர வரிசையில் வரும். சித்தி விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். அதிகாலை 3.40, ஒரு டார்ச் செயலி. "ஏன் மக்களே, அது நான் சந்தைக்குக் கிளம்பும் நேரமல்லவா? வெளிச்சம் காட்டுவதற்கு நான் நிற்கும் இடம் எதற்கு?" என்று கேட்டார். அனுமதிகளைப் பற்றி நான் பலமுறை வாயால் சொன்னபோது அவருக்கு அந்தக் கேள்வி எழவில்லை. தன் நாளின் ஒரு நேரத்தைத் திரையில் பார்த்ததும் எழுந்தது.

படி 4: அந்தச் செயலியின் இருப்பிட அனுமதியைத் திறந்து 'அனுமதிக்க வேண்டாம்' என்று மாற்றுங்கள். எல்லாவற்றையும் கண்மூடித்தனமாக அடைத்துவிட வேண்டாம். வழிகாட்டும் வரைபடத்துக்கு இருப்பிடம் வேண்டும். அதற்குப் 'பயன்படுத்தும்போது மட்டும்' போதும். மழை வருமா என்று சொல்லும் செயலிக்கு உங்கள் வீட்டுவாசல் வரை தெரியவேண்டியதில்லை. 'துல்லியமான இருப்பிடம்' என்பதை அணைத்தால் தோராயமான வட்டாரம் மட்டுமே அதற்குக் கிடைக்கும். சித்தி டார்ச் செயலியை நீக்கியேவிட்டார். திரையை மேலிருந்து கீழே இழுத்தால் போனின் சொந்த டார்ச் அங்கேயே இருக்கிறதே!

படி 5: திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரிந்தால் கேமராவோ மைக்கோ இயங்குகிறது என்று பொருள். வீடியோ அழைப்பில் அது இயல்புதான். போன் சும்மா இருக்கும்போது தெரிந்தால், திரையை இழுத்து அந்தக் குறியைத் தொடுங்கள். செயலியின் பெயர் வரும்.

ஐபோனில் கேமராவுக்குப் பச்சை, மைக்குக்கு ஆரஞ்சு. நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் அணுகல்தன்மை அமைப்பில் நிறமின்றி வேறுபடுத்தும் வசதியை இயக்கினால், ஆரஞ்சுப் புள்ளி சதுரமாக மாறிவிடும்.