சி5 எலும்புக்கு எஸ்12.4: கழுத்தெலும்பு கோடிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடியில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு நம்பர் இருக்கும். பழைய எண் 4, புதிய எண் 5. கொரியர் கொண்டு வருபவர் ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார். நோயாளியின் மருத்துவப் பதிவை (சார்ட்) படித்து நோய்க்கான குறியீடு போடும் மெடிக்கல் கோடிங் வேலையில், கழுத்தெலும்பு முறிவு சார்ட்டில் புதுப் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் இதே மாதிரிதான்.

அமெரிக்க சார்ட்டுகளுக்கு நாம் போடும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் கழுத்தெலும்பு முறிவு எஸ்12. கழுத்து முள்ளெலும்புகளை மேலிருந்து சி1 முதல் சி7 வரை எண்ணுவார்கள்; கோடில் மட்டும் எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது. சி1-க்கு எஸ்12.0, சி2-க்கு எஸ்12.1, இப்படியே போனால் சி5-க்கு எஸ்12.4. சார்ட்டில் 5 என்று பார்த்த கை தானாக எஸ்12.5 அடித்துவிடும், அது சி6. போட்ட கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டில் நான் அதிகம் பிடித்த எரர் இதுதான்.

சரி, எப்போதும் ஒன்று குறைத்துக்கொண்டால் போதும் என்று பழகினால் அடுத்த பள்ளம் காத்திருக்கும். தண்டுவடக் காயத்துக்கான எஸ்14.1-ல் இந்தக் கணக்கு செல்லாது. சி5 மட்டத்தில் தண்டுவடம் முழுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தால் எஸ்14.115ஏ. அந்தக் கடைசி 5 நிஜமாகவே 5. இரண்டும் ஒரே சார்ட்டில் இருந்தால் தண்டுவடம் முதலில், எலும்பு அப்புறம்.

டாக்டர் ‘சி5 முறிவு’ என்று மட்டும் எழுதியிருந்தால்? எலும்பு விலகியதாகச் சொல்லவில்லையே என்று விலகாத முறிவுக்கான எஸ்12.401ஏ போடுகிறார்கள். விதி நேர் எதிர். எதுவும் சொல்லாவிட்டால் விலகிய முறிவு, மூடிய (தோல் கிழியாத) முறிவு என்றே எடுக்க வேண்டும்: எஸ்12.400ஏ.

கோடின் ஏழாவது எழுத்து ஏ என்றால் முதல் விசிட் என்று நினைப்பதும் தவறு. வேறு மருத்துவமனைக்கு மாற்றி, பத்து நாள் கழித்து ஆபரேஷன் செய்தாலும் ஏதான்; சிகிச்சை இன்னும் நடக்கிறது. எலும்பு சரியாகக் கூடுகிறதா என்று எக்ஸ்ரே பார்க்க வரும்போதுதான் டி.

எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) என்று ஏற்கெனவே பதிவான பாட்டி பாத்ரூமில் லேசாக வழுக்கியதற்கே கழுத்தெலும்பு முறிந்தால் எஸ்12 பக்கமே போகக் கூடாது. நல்ல எலும்பு அந்த அடிக்கு உடையாது, எனவே எலும்புப்புரையால் வரும் முறிவுக்கான எம்80.

கடைசியாக ‘கழுத்து முறிவு’ என்ற ஒற்றை வரி. அதை வைத்து, எந்த எலும்பு என்று குறிப்பிடாத எஸ்12.9 போட்டு சார்ட்டை மூடிவிடலாம், டார்கெட்டும் ஓடும். ஆனால் ஸ்கேனில் சி6 தெரியும்போது டாக்டரிடம் விளக்கம் கேட்டு குவெரி அனுப்புவதுதான் முறை. அதிலும் ஒரு நாசூக்கு இருக்கிறது. ‘சி6 விலகிய முறிவுதானே?’ என்று பதிலை வாயில் ஊட்டக் கூடாது. ‘ஸ்கேன் அறிக்கையில் சி6 என்று உள்ளது. எந்த எலும்பு, விலகியதா இல்லையா என்று குறிப்பிடவும்’ என்று கேளுங்கள்.