சிலம்பம்: தனிச்சுற்றிலிருந்து தொடுமுறைக்கு

நெற்றி உயரக் கம்பைத் தனியே சுழற்றிப் பழகியவர், எதிரில் ஆள் நிற்கும் முதல் நாளிலேயே தம் வீச்சுகள் அகன்றிருப்பதையும் எளிதில் கணிக்கப்படுவதையும் உணர்வார். ஆகவே எதிராளியைக் கம்பால் தொட முயலும் தொடுமுறை ஆட்டத்தைத் தொடங்கும்போது சுற்றுகளைச் சுருக்கி, ஒரு வீச்சு முடியும் இடத்திலிருந்தே அடுத்த தடுப்போ குத்தோ பிறக்குமாறு பழக வேண்டும். கம்பின் முனையைத் தொடரும் கண் ஒரு கணம் பிந்திவிடும் என்பதால், எதிராளியின் தோளையும் முன்காலையும் கவனியுங்கள். அலங்காரச் சுழற்சிகள் மேடைக்கு அழகு. ஆட்டத்தில் அவை பெரும்பாலும் சுமை.

காலடிப் பயிற்சியை மட்டும் எவ்வளவு அனுபவம் வந்தாலும் விடக்கூடாது. தொடுபட்ட ஆட்டத்தை மறுநாள் துணைவருடன் மெதுவாக மீண்டும் ஆடி, கை தாழ்ந்ததாலா, கம்பு எட்டும் தொலைவிலேயே கால் தங்கியதாலா என்று பிரித்துப் பாருங்கள். காலே காரணமெனில், சில நாட்கள் கம்பில்லாமல் விலகும் அடிகளை மட்டும் பழகுங்கள்.