லீவுக்கு வந்த பெரிய பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது? குமரியில் நாம் செய்யும் தவறுகள்

லீவு விட்டதும் சொந்தக்காரப் பிள்ளைகள் நாகர்கோவிலுக்கு வந்து இறங்குவார்கள். பதினாலு, பதினைந்து வயது. உடனே நாம் டூரிஸ்ட் வேன்காரர் மாதிரி ஒரு பட்டியல் போடுவோம்: காலையில் சுசீந்திரம், பிறகு விவேகானந்தர் பாறை, மத்தியானம் பத்மநாபபுரம் அரண்மனை, சாயங்காலம் திற்பரப்பு அருவி. முதல் தவறே இதுதான். மாவட்டம் சின்னதுதான், ஆனால் கன்னியாகுமரி ஒரு மூலை, திற்பரப்பு இன்னொரு மூலை. பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். மேற்கே போனால் மேற்கோடு நிறுத்துங்கள். சிதறால் மலை ஏறி, மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்து, திற்பரப்பில் குளித்தாலே ஒரு நாளுக்குத் தாராளம்.

அடுத்தது கடல். இதில்தான் எனக்குப் பயம். "தண்ணீர் அமைதியாத்தானே கிடக்குது" என்று இறங்க விடுகிறோம். நம் பக்கத்துக் கடல் அப்படி நம்பக்கூடியது இல்லை. காற்று இல்லாமல், மழை இல்லாமல், வானம் தெளிவாக இருக்கும்போதே திடீரென்று அலை பொங்கி வரும். மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தொலைவில் அடிக்கும் பலத்த காற்றில் எழும் அலை நாள் கணக்கில் பயணம் செய்து வந்து நம் கரையில் மோதுகிறது. கரையில் நிற்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். அன்றைக்குச் செய்தியைப் பாருங்கள், கரையில் வலை பின்னும் அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முட்டம் பாறையில் செல்ஃபிக்காக அலையின் பக்கம் இறங்குவதும் இதே கணக்குதான். பாசி பிடித்த பாறையில் நீச்சல் தெரிந்தவனுக்கும் கால் நிற்காது. சும்மா "போகாதே" என்றால் அந்த வயதில் கேட்க மாட்டார்கள். காரணத்தைச் சொன்னால் கேட்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

திற்பரப்பிலும் நம் தலைக்கு மேல் மழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. மலையில் பெய்து பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்தால் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள்.

அப்புறம், போகிற இடத்தில் பாடம் நடத்துவது. தொட்டிப்பாலத்தில் நின்றுகொண்டு "1966-ல் கட்டியது, 115 அடி உயரம்" என்று ஆரம்பித்தால் கை போனுக்குப் போய்விடும். "கீழே ஓர் ஆறு போகுது, மேலே ஒரு கால்வாய் போகுது, ஏன்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மலைக்கு மலை தண்ணீரைக் கடத்தத் தொட்டி கட்டியிருக்கிறார்கள் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். உதயகிரிக் கோட்டையில் டிலனாய் கல்லறையைக் காட்டுங்கள். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதி ஆனார் என்றால் போன் தானாகவே பைக்குள் போகும்.

சாப்பாட்டுக்குப் பெரிய ஹோட்டல் தேட வேண்டாம். சாயாக்கடையில் ரசவடையும் பழம்பொரியும் போதும்.

கடைசியாக, எல்லாவற்றையும் நாமே முடிவு செய்வது. போன வருடம் அண்ணன் மகனிடம் பணத்தைக் கொடுத்து, "நீயே பிளான் போடு" என்றேன். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்று பார்த்துவிட்டுத்தான் அவன் நாளையே குறித்தான். நான் அதற்கு முந்தைய வருடம் மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தக்கலை தாண்டிப் போய், பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன்.