பெரியப்பா ரோபோவை நம்புகிறாரா? விரல் வியர்வையில் பார்க்கலாம்

குறுவைக்கு மருந்தடிக்க ட்ரோன் வந்தபோது "எனக்கென்ன பயம்" என்றார் பெரியப்பா. சொல்லிக்கொண்டே வரப்பை விட்டு இருபதடி தள்ளிப் போய் நின்றார். வாய் சொல்வதை விட்டு விரல் வியர்வையைக் கேட்டால் என்ன என்று அன்றைக்குத் தோன்றிய யோசனையை மன்னார்குடி வீட்டுக் கூடத்திலேயே செய்து பார்த்தேன்.

வேண்டியவை: ஆர்டுயினோ ஊனோ (சென்சாரை லேப்டாப்போடு இணைக்கும் சின்ன மின்னணுப் பலகை), குரோவ் ஜிஎஸ்ஆர் சென்சார் (விரல் தோலின் மின்தடையை அளப்பது), லேப்டாப், தடை கண்டால் நிற்கும் சின்ன ரோபோ வண்டி. ட்ரோன் வேண்டாம், இறக்கை விரலைப் பதம் பார்த்துவிடும்.

1. சென்சாரைப் பலகையின் ஏ0 என்ற பின்னில் செருகுங்கள். விரலில் மாட்டாதபோது சீரியல் மானிட்டரில் (சென்சாரின் எண் லேப்டாப்பில் ஓடும் சாளரம்) 512 காட்டும்வரை அதிலுள்ள திருகைத் திருப்புங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட வேண்டும். உடம்பில் மாட்டும் கருவிக்கு பேட்டரி மட்டும்தான்.

2. எழுதாத கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் சென்சாரின் உறையை மாட்டி, ஐந்து நிமிடம் சும்மா உட்காரச் சொல்லுங்கள். கை அசையக் கூடாது. பெரியப்பா வெற்றிலை மடிக்கப் போய் முதல் நாள் கணக்கே வீணானது. கத்திரி வெயிலிலும் செய்யாதீர்கள், எல்லோர் கையும் வியர்க்கும்.

3. வண்டி பாதத்துக்கு ஓரடி முன்னால் ஐந்து முறை நிற்கட்டும். ஆறாவது முறை அரையடி வரை வரட்டும். பிறகு மறுபடி ஐந்து முறை ஒழுங்காக. வண்டி நின்ற நேரத்தை ஒவ்வொரு முறையும் குறியுங்கள். தோல் உடனே பதில் சொல்லாது, 1 முதல் 3 நொடி பிந்தும். வேண்டாமென்றால் எப்போதும் கழற்றிவிடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

4. இனி எண்ணைப் படிப்பது. மனம் பதறினால் பரிவு நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும். ஈரம் ஏறினால் தோலின் மின்தடை இறங்கும், இந்த சென்சாரில் எண்ணும் இறங்கும். ஆனால் அது காட்டுவது பதற்றத்தை, அவநம்பிக்கையை அல்ல. தெருவில் வேட்டுப் போட்டாலும் இறங்கும். பழகிப்போனால் நம்பாமலேயே அடங்கியும் விடும். அதனால் காலை இழுத்துக்கொண்டாரா என்று பக்கத்தில் எழுதுங்கள். முடிவில் வண்டியை எவ்வளவு நம்புகிறார், ஏழுக்கு எத்தனை மார்க் என்று கேளுங்கள். விரிவாகக் கேட்க, ஜியான், பிசாண்ட்ஸ், ட்ரூரி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2000-இல் வெளியிட்ட, தானியங்கிகள் மீதான நம்பிக்கையை அளக்கும் 12 வரி அளவுகோல் இருக்கிறது.

பெரியப்பாவின் எண் எட்டாவது சுற்றிலேயே பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மார்க் ஏழுக்கு ஆறு. கால் இரண்டும் கடைசிச் சுற்றுவரை நாற்காலிக்கு அடியில்தான் இருந்தன.