லேத்தில் நாமே செய்யும் இண்டெக்ஸிங்: எங்கே தவறுகிறோம்

கோவையில் கணபதி, பீளமேடு பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் பம்ப் ஃபிளாஞ்சுக்கு ஆறு ஓட்டை, கப்ளிங்குக்கு நாலு ஓட்டை என்று வேலை வந்துகொண்டே இருக்கும். ஓட்டைகள் சம இடைவெளியில் விழ, வட்டத்தைச் சமமாகப் பிரித்துத் திருப்பி நிறுத்துவதுதான் இண்டெக்ஸிங். இதற்காக டிவைடிங் ஹெட் என்ற தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. லேத்தில் வேலையைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் பின்பக்கத் துளையில் விரியும் புஷ் (உருளை உறை) போட்டு ஒரு கியரை இறுக்கி, அதன் பல்லுக்கு நடுவே விழுகிற மாதிரி ஸ்பிரிங் பின் வைத்தால் போதும்.

கையில் கிடைத்த கியரை மாட்டிவிடாதீர்கள். 60 பல்லில் 3, 4, 5, 6, 10, 12 பிரிவு வரும், 8 வராது. எட்டுக்கு 40 அல்லது 48 பல் வேண்டும். ஏழுக்கும் ஒன்பதுக்கும் 63. சில லேத்தோடு வரும் 127 பல் கியர் இதற்கு உதவாது, அதைச் சமமாகப் பிரிக்கவே முடியாது. மாட்டியபின் டயல் (நுண்ணிய விலகலைக் காட்டும் அளவி) வைத்து ஆட்டம் பாருங்கள். 120 மி.மீ. விட்டக் கியர் 0.1 மி.மீ. சென்டர் விலகினால், 100 மி.மீ. பி.சி.டி.யில் (ஓட்டை மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) ஓட்டை சுமார் 0.08 மி.மீ. வரை தள்ளிப்போகும். போல்ட் ஓட்டை என்றால் சமாளிக்கலாம், இடத்தைத் துல்லியமாக நிறுத்தும் டோவல் பின் என்றால் முடியாது.

பெரும்பாலும் வேலை கெடுவது ஸ்பிரிங் பின்னில்தான். நுனியை உருண்டையாக விட்டால், பல்லின் அடியில் போய் முட்டி நிற்கும், பக்கவாட்டில் ஆட்டம் அப்படியே இருக்கும். ஆப்பு மாதிரி இருபக்கமும் சரிவாக அரம் போட வேண்டும். பல்லில் புளூ (தொட்ட இடத்தைக் காட்டும் நீலச் சாயம்) தடவி விட்டுப் பாருங்கள்: ஆப்பின் இரு பக்கமும் கறை படிய வேண்டும், முனை சுத்தமாக இருக்க வேண்டும். பின் தன் புஷ்ஷுக்குள் திரும்பாமலிருக்க ஒரு காடி வெட்டி ஸ்க்ரூ நிறுத்துங்கள். பின்னைத் தாங்கும் பிராக்கெட்டைத் தகடு மூடியில் முடுக்கினால் வளையும். ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக் வார்ப்பிலேயே முடுக்க வேண்டும்.

அப்புறம், இந்த ஸ்பிரிங் பின் இடத்தைக் காட்டத்தான், வெட்டு விசையைத் தாங்க அல்ல. வெட்டும் டூலைச் சுமக்கும் கேரேஜைத் தள்ளிக் கீவே (சாவி உட்காரும் காடி) இழைக்கும்போது ஸ்பிண்டிலுக்குத் தனியாக ஒரு பிடிப்பு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் வேலையைப் பிடித்திருக்கும் சக் துளி அசையும், காடியின் ஓரம் படிப்படியாகத் தெரியும்.

பல்லை எண்ணிக்கொண்டே போவதும் ஆபத்து, நடுவில் ஒரு ஃபோன் வந்தால் போதும். நிற்கவேண்டிய பல்லிலெல்லாம் முதலிலேயே பெயிண்ட் வைத்துவிடுங்கள்.

பின் உள்ளே இருக்கும்போது யாராவது மோட்டாரைப் போட்டால் பல் உடையும், பிராக்கெட் பிய்ந்து பறக்கும், பக்கத்தில் நிற்பவர் கையும் போகலாம். மெயினை ஆஃப் செய்து ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே பின்னைத் தள்ளுங்கள்.