வாரம் முழுக்க மழைப் படமா? மணிவாரியாகப் பாருங்கள்

வசந்த காலத்தில் வானிலைச் செயலி ஏழு நாளுக்கும் மழைப் படம் காட்டினால், வெளிவேலைகளை உடனே தள்ளிப்போட வேண்டாம். அந்தந்த நாளைத் தொட்டு, மணிவாரி மழை வாய்ப்பைப் பாருங்கள். காலை 8 மணிக்கு 10 சதவீதம், மாலை 4 மணிக்கு 60 சதவீதம் என்று இருந்தால், துணி காயப்போடவோ சைக்கிளில் கிளம்பவோ முற்பகல் தாராளமாகக் கிடைக்கும்.

காரணம் இதுதான். இந்தப் பருவத்தில் வெயில் தரையைச் சீக்கிரம் சூடாக்கிவிடும். உயரத்தில் உள்ள காற்றிலோ குளிர்காலத்தின் குளிர் இன்னும் மிச்சமிருக்கும். சூடான காற்று விறுவிறுவென மேலேறி, நண்பகல் வாக்கில் காலிஃபிளவர் மாதிரி மேகம் திரண்டு, பிற்பகலில் கொட்டும். பொழுது சாய்ந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். செயலி நாள் முழுவதற்கும் ஒரே படம்தான் போடும், அதுவும் பல நேரம் அன்றைய மோசமான பொழுதை வைத்து.

பெரிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கடந்துபோகும் நாளில் இது பலிக்காது. அன்றைக்கு ராத்திரி, பகல் எல்லாம் ஒரே மாதிரி 70, 80 என்று எண்கள் நிற்கும். சரி, வீட்டு வேலையைப் பாருங்கள். கடலை ஒட்டிய இடங்களில் இரவிலும் விடிகாலையிலும்கூட மழை வரலாம். அப்புறம், நான்கைந்து நாளுக்கு மேல் மணிக்கணக்கை நம்பாதீர்கள். செயலியில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கட்டம் இருப்பதால் அதில் ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான். முந்தின நாள் மாலை ஒரு தடவை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.